'சற்றே' என்ற சொல்லுக்கு மூன்று வாரம்

கும்பகோணம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது, நீ உடனே "சிக்னல் இல்லையா அப்பா?" என்பாய். அதனால்தான் காகிதம்.

வருகிற ஐப்பசியோடு உன் பரதநாட்டிய டீச்சரம்மா போய் ஓராண்டு. பழைய மாணவிகள் கூடி மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் பேசியிருக்கிறார்கள். பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸ், நான்கு பேச்சாளர்கள், நால்வருக்கும் பொன்னாடை. பொன்னாடை என்றாலே டீச்சரம்மா நெளிவார். ஒருமுறை யாரோ போர்த்தியதை மறுநாளே வெட்டிச் சலங்கை வைக்கும் பைகளாகத் தைத்துவிட்டார். உன் பைகூட அதில் ஒன்றுதான்.

நினைவு நாளில், கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணம் ஆடட்டுமா, பாட்டை ஒலிப்பதிவாகவே கொண்டுவந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம் என்பது என் எண்ணம். நான் ஆடத் தெரிந்தவன் இல்லை. பதினோரு வருடம் ஸ்கூட்டரோடு அந்தத் தெருவில் காத்து நின்றவன், அவ்வளவுதான். ஆனால் ஜன்னல் வழியாக வந்ததெல்லாம் என் காதில்தானே விழுந்தது.

தாளம் தட்டும் தட்டுக்கழியின் சத்தத்துக்கு முன்னால் அந்த வீட்டிலிருந்து பாட்டுதான் வரும். பாட்டின் முதல் பாடமான சரளி வரிசை பாடாமல் ஒரு பிள்ளையும் ஆட்டத்தின் முதல் பாடமான தட்டடவுக்கு நிற்க முடியாது. "ஆட்டத்துக்குத்தானே சம்பளம் கட்டுகிறோம், பாட்டு எதற்கு?" என்று ஒரு அம்மாள் சண்டைக்கே வந்தார். "வாயில் வராதது காலில் எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டு டீச்சரம்மா உள்ளே போய்விட்டார். மனதுக்குள் நானும் அந்த அம்மாள் கட்சிதான் அப்போது.

டீச்சரம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் சாட்சி பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதிதான். சிறுமியாக இருந்தபோது சென்னையில் ஒரே ஒருமுறை அவர் ஆடியதைப் பார்த்தாராம். அபிநயம் பிடித்துக்கொண்டே தானும் பாடியதை, நேற்றுப் பார்த்ததுபோல் சொல்வார். அது ஒன்றும் அதிசயம் இல்லை. வீணை தனம்மாளின் பேத்தி. பாட்டில் தேர்ந்த ஜெயம்மாளின் மகள். நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் சகோதரர்கள் வழிவந்த கந்தப்பா பிள்ளையிடம் அடிபட்டு ஆடக் கற்றவர். 1973இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வாங்கி வந்த பட்டம் முதன்முதலாக ஆடுகிறவர் ஒருவருக்குப் போனது. இதைச் சொல்லும்போது, தனக்கே கிடைத்ததுபோல டீச்சரம்மா நிமிர்ந்து உட்கார்வார்.

அமெரிக்காவில் நீ இப்போது இருக்கிற ஹார்ட்ஃபோர்டிலிருந்து மிடில்டவுன் அரை மணி நேரக் கார்ப் பயணம் என்றாயே, அங்கே இருக்கிற வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில்தான் பாலசரஸ்வதி 1960களில் போய்ச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கமும் விஸ்வநாதன் புல்லாங்குழலுமாக அங்கேயே பல வருடம் ஆசிரியர்களாக இருந்தார்கள். டீச்சரம்மா பாஸ்போர்ட்டைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஊர்ப் பெயரைச் சீர்காழி, சிதம்பரம் என்பதுபோலச் சொல்வார். ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்த்துவிட்டு வா.

வர்ணம் வேண்டாம் என்றதற்குக் காரணமும் அவர் சொன்னதுதான். 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் பாலசரஸ்வதி பேசியபோது நாட்டியக் கச்சேரி வரிசையைக் கோயிலாகச் சொன்னார். அலாரிப்பு கோபுரம், அங்கிருந்து ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம் என்று மண்டபம் மண்டபமாக உள்ளே போகிறோம். அபிநயத்துக்கென்றே உள்ள பாட்டான பதம் வரும்போது கருவறை. மேளம் ஓய்ந்து, தீபங்கள் விலகி, சன்னமாக ஓதும் குரல் மட்டும் கேட்கிற இடம். தில்லானா கடைசிக் கற்பூரம். உங்களைச் சாரங்கபாணி கோயில் கோபுரத்தில் நடன நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பம் பார்க்கக் கூட்டிப்போன அன்று டீச்சரம்மா இதைச் சொன்னார். நீங்கள் எல்லாம் முறுக்குத் தின்பதில் மும்முரமாக இருந்தீர்கள்.

அதனால் ஒரு பதம் ஆடு. முத்துத்தாண்டவரின் 'தெருவில் வாரானோ' போதும். பாட்டை நீயே பாடு.

இனி நான் சொல்லவேண்டியது. உனக்குத் தெரியாதது.

பத்தாம் வகுப்பில் உன்னை வகுப்பிலிருந்து நிறுத்தினேன் அல்லவா? அடுத்த வாரமே டீச்சரம்மா நம் வீட்டுக்கு வந்தார். நீ டியூஷனுக்குப் போயிருந்தாய். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. "ஆட வேண்டாம் சார். சாயங்காலம் அரை மணி நேரம் பாடிவிட்டு மட்டும் போகட்டும். ஆடாத உடம்பு ஒரு மாதத்தில் வழிக்கு வந்துவிடும். பாடாத காது வராது" என்றார். சரி என்று தலையாட்டினேன். அனுப்பவில்லை. அவர் வந்ததையும் உன்னிடம் சொல்லவில்லை.

எட்டு மாதம். தேர்வு முடிவு வந்த அன்று, அந்த எட்டு மாதச் சம்பளத்தை ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் பணத்தைத்தானே நீட்டுவான்? "நடத்தாத வகுப்புக்குச் சம்பளமா?" என்று திருப்பித் தந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. உன் மதிப்பெண்ணைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

நீ திரும்பப் போனாய். அவர் சொன்னபடி ஒரு மாதத்தில் முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி வந்துவிட்டது; 'தெருவில் வாரானோ'வின் கமாஸ் ராகம் வரவில்லை. அதில் வரும் 'என்னைச் சற்றே திரும்பிப் பாரானோ' என்ற வரியில் 'சற்றே' ஒன்றுக்கு மட்டும் மூன்று வாரம் உன்னை உட்கார்த்தி வைத்தார். கெஞ்சலாக, வீம்பாக, அழுகை வராமல் அடக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாமல் என்று எத்தனை சற்றே! உனக்கு அழுகை, எனக்குத் தெருவில் கொசுக்கடி. மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, ஜன்னலுக்குள் பாடுவது நீயா அவரா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த உறை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டாக இருந்தவற்றை 2016இல் வங்கியில் வரிசையில் நின்று மாற்றி, மறுபடி அதே உறையில் போட்டு வைத்தேன். மிருதங்கத்துக்கு ஆள் பேசிவிடு, அதற்கு இதைக் கொடுத்துவிடுகிறேன். ஃப்ளெக்ஸுக்கு ஒரு பைசா தரமாட்டேன் என்று அந்தப் பெண்களிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா