அப்பா வண்டி ஷாக்கைக் காயலான் கடைக்குப் போட்டுடாத

அண்ணா,

எப்படி இருக்க, அண்ணி, பசங்க, அம்மா எல்லாரும் சௌக்கியமா. நான் நல்லா இருக்கேன், குளிர் தான் இன்னும் விடல. போன்ல சொன்னா பட்டறை சத்தத்துல பாதி கேக்காமயே சரி சரின்னு வச்சிடுவ, அதான் உக்காந்து எழுதுறேன். அப்பா புல்லட்டோட பின் ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சு, கழட்டிப் போட்டுட்டு புதுப்பேட்டையில புதுசு வாங்கிடப் போறேன்னு சொன்னியே, கொஞ்சம் பொறு, இதைப் படிச்சிட்டு முடிவு பண்ணு.

இங்க இங்கிலாந்துல நம்ம ஊர் மாதிரி தெருமுனைக்குத் தெருமுனை மெக்கானிக் கிடையாது. இருந்தாலும் கூலி கேட்டா தலை சுத்தும், ஒரு மணி நேரக் கூலியில உன் கஸ்டமருக்கு நீ மொத்த வண்டியையும் சர்வீஸ் பண்ணிக் குடுத்துடுவ. அதனால எவனுக்கு என்ன ரிப்பேர்னாலும் வீட்டுப் பின்னாடி இருக்குற ஷெட்ல அவனே பாத்துக்குறான், அதுலயும் ரிட்டையர் ஆன ஆளுங்க காலையில டீயோட உள்ள போனா சாயங்காலம்தான் வெளிய வர்றாங்க. பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படித்தான், கார் ஃபேக்டரியில டூல்மேக்கரா இருந்தவர், ஷெட்ல ஒரு மைஃபோர்டு லேத் வச்சிருக்காரு, என்னை விட அதுக்குத்தான் நல்ல கம்பளி.

நான் வாங்கின வண்டி பிஎஸ்ஏ கம்பெனியோட ஏ65 பைக், 1966 மாடல். இதே பர்மிங்ஹாம்ல ஸ்மால் ஹீத்துங்குற ஏரியாவுல செஞ்சது, அந்த ஃபேக்டரி எப்பவோ மூடியாச்சு. 40 வருஷம் தாண்டின வண்டிக்கு இங்க ரோடு டாக்ஸ் கட்ட வேணாம், வருஷா வருஷம் டெஸ்டுக்கும் போக வேணாம், அதான் தைரியமா வாங்கினேன். பின்னாடி கிர்லிங் ஷாக் ரெண்டு. ஸ்பிரிங் ரெண்டும் நல்லாதான் இருந்துச்சு, ஆனா ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு நடுவுல இருக்குற எண்ணெய்க் குழாயோட, அதான் டேம்பரோட, ராடை மட்டும் மேல இழுத்து விட்டா கிணத்துல வாளி விட்ட மாதிரி தொபக்குனு இறங்குது, உள்ள எண்ணெயே இல்ல. இந்த டெஸ்டை நீயும் முதல்ல பண்ணு. நல்ல டேம்பர்னா அமுக்கும்போது ஓரளவு லேசா போகும், இழுக்கும்போதுதான் கை வலிக்கும், ஏன்னா ஸ்பிரிங் திரும்ப எகிறுறதைத்தான் அது முக்கியமா புடிச்சு நிறுத்தணும்.

ஸ்பிரிங் கழட்டுறதுதான் ஜாக்கிரதையா பண்ண வேண்டிய வேலை. ஒருத்தர் ஸ்பிரிங்கை அமுக்கிப் புடிச்சிக்கணும், ஷாக்கை வண்டியில மாட்டுற மேல் வளையத்துக்கு, அதான் கண்ணுக்கு, கீழ அரை வட்டமா ரெண்டு காலர் இருக்கும், அதை இன்னொருத்தர் உருவணும், விரலை நடுவுல வச்சோம்னா அவ்வளவுதான். அதுக்கப்புறம் பாத்தா டேம்பர் உடம்போட வாய் உள்பக்கமா மடிச்சு அடிச்சிருக்கு, திறக்க வழியே இல்ல, கம்பெனிக்காரன் போச்சுன்னா புதுசு வாங்கிக்கோன்னு விட்டுட்டான். சில பேர் மேல சைடுல சின்னதா ஒரு ஓட்டை போட்டு பழைய எண்ணெயை வடிச்சு புதுசு ஊத்தி, மரை போட்டு ஸ்க்ரூவால அடைச்சிடுறாங்க. ராடைச் சுத்தி எண்ணெய் கசியாம புடிக்குற சீல் நல்லா இருந்தா அது ஓகே, ராடு பக்கம் கசியுறதுக்கு அதுல மருந்து இல்ல, ட்ரில் தூள் வேற உள்ள போய் வால்வுல உக்காந்துக்கும்.

பெரியவர் ஓட்டை வேலையே வேணாம்னுட்டாரு. லேத்துல மாட்டி அந்த மடிச்ச விளிம்பை மட்டும் மெல்ல மெல்ல சீவி எடுத்தாரு, உள்ள மரை வெட்டி, அதுக்கு ஏத்த மாதிரி ஒரு ரிங் நட்டும் கடைஞ்சு குடுத்தாரு. இனிமே எப்ப வேணா திறக்கலாம். உள்ள பாத்தா குழாய்க்குள்ள குழாய், உள் குழாயில பிஸ்டன் ஓடுது, அடியில சின்ன ஃபுட் வால்வு, வெளிக் குழாய் சும்மா எண்ணெய் நிக்குற இடம். எல்லாத்தையும் மண்ணெண்ணெய்ல கழுவினேன், வால்வு தட்டு எந்த வரிசையில வந்துச்சோ அப்படியே துணி மேல அடுக்கி வச்சு போட்டோ எடுத்துக்கிட்டேன். ஆயில் சீல் மேலயே சைஸ் அச்சடிச்சிருக்கும், அது அழிஞ்சிருந்தாலும் ராடு, வெளி விட்டம், உயரம் மூணும் அளந்தா கடைக்காரன் குடுத்துடுவான். ராடுல துரு குழி விழுந்திருந்தா மட்டும் புது சீலைப் போட்டு பிரயோஜனம் இல்ல, அது அறுத்துடும், ஹார்டு குரோம் போட்டு கிரைண்டிங் பண்ணணும். அம்பத்தூர் பக்கம் அந்த வேலை செய்யுறவங்க கண்டிப்பா இருப்பாங்க.

எண்ணெயை மட்டும் வாய் வரைக்கும் ஊத்திடாத. ராடு உள்ள இறங்க இறங்க அதுவும் இடத்தை அடைக்கும்ல, எண்ணெய் அமுங்காது, அதனால வெளிக் குழாயில மேல கொஞ்சம் காத்து இருந்தே ஆகணும், இல்லன்னா முழுசா அமுங்குற நேரத்துல சீலைப் பிச்சுக்கிட்டு வந்துடும். ரெண்டு ஷாக்குக்கும் ஒரே அளவு, மெடிக்கல்ல விக்குற சிரிஞ்சுல அளந்து ஊத்து. மூடினப்புறம் நேரா நிக்க வச்சு மெதுவா ஏத்தி இறக்கு, காத்து பிரிஞ்சு மேல போயிடும், படுக்க வச்சு பண்ணினா திரும்ப காத்தைக் குடிச்சிக்கும். இங்க குளிர்ல எண்ணெய் கெட்டியாகுதுன்னு நான் எஸ்ஏஇ 10, அதாவது கெட்டி கம்மியான எண்ணெய், ஊத்தினேன், நம்ம வெயிலுக்கு நீ 20 பாரு. பழைய எண்ணெயை இங்க சாக்கடையில ஊத்த முடியாது, கேன்ல புடிச்சு கவுன்சில் குப்பைக் கிடங்குல தனியா குடுக்கணும், எனக்கு அது புடிச்சிருக்கு.

முக்கியமா ஒண்ணு, இப்ப வர்ற கேஸ் ஷாக்ல இந்த வேலை எதுவும் வேணாம். உள்ள நைட்ரஜன் பயங்கர அழுத்தத்துல இருக்கும், ட்ரில்லோ ஹாக்ஸா பிளேடோ வச்ச, ஆள் காலி. கடைப் பையன்கிட்டயும் சொல்லி வை.

மாட்டி முடிச்சதும் எங்க போனேன் தெரியுமா, ரெட்டிச்சுக்கு. இங்கருந்து 15 மைல் போல வரும். அந்தக் காலத்துல ஊசி செஞ்ச ஊரு, அங்கருந்துதான் நம்ம திருவொத்தியூருக்கு புல்லட் வந்துச்சு, 1955ல. அப்பா 'ரெட்டிச் டிராயிங்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரே. அங்க என்ஃபீல்டு ஃபேக்டரியை 1967லயே மூடிட்டாங்க, இப்ப அந்த இடம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட், பேர் மட்டும் என்ஃபீல்டு. ஆனா 1949லயே புல்லட்டுக்குப் பின்னாடி ஸ்விங் ஆர்மும் (பின் சக்கரத்தைப் புடிச்சு ஏறி இறங்குற கை) ஷாக்கும் வந்தாச்சு, பிஎஸ்ஏவோட ரெட்டை சிலிண்டர் வண்டிக்கு 1954லதான், இதை பெரியவர்கிட்ட சொன்னா பேச்சை மாத்துறாரு.

அதனால நீ செய்ய வேண்டியது இதான், ஷாக்கைக் கழட்டி மேல் வாய் மடிச்சதா, நட்டு போட்டதான்னு பாரு, பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ அனுப்பு. ராடு விட்டத்தை வெர்னியர்ல அளந்து சொல்லு, சீல் இங்க கிடைச்சா வாங்கி அனுப்புறேன். கண்ணுல இருக்குற ரப்பர் புஷ்ஷையும் மாத்திடு, வைஸ்ல வச்சு சோப்புத் தண்ணி தடவி அமுக்கினா ஏறிடும். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீரப் போகுதுன்னு அண்ணி சொன்னாங்க, இந்த மாசப் பணத்துல சேர்த்துப் போட்டிருக்கேன், பாத்துக்கோ.

உன் தம்பி