பழைய படகுக்குப் புது வடிகட்டி

லங்காவி

அன்புள்ள குணா,

கடிதம் கிடைத்தது. ஊன்றுகோல் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவசரப்படாதே, முட்டி ஆற நாளாகும். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கமலா கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாய் வீடு வந்து சேரவில்லை, படகிலேயே தீர்ந்துவிட்டது.

படகு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். பாயும் பாய்மரமும் நன்றாகவே இருக்கின்றன. வேலை வைத்தது எஞ்சினுக்குப் போகும் கடல்நீர் வடிகட்டிதான். என் படகின் யன்மார் 3ஜிஎம்30எஃப் எஞ்சின் உனக்குத் தெரியும்: உள்ளே நன்னீர் சுற்றும், அதைக் குளிர்விக்கக் கடல்நீர் வரும், வந்த நீர் புகையோடு கலந்து பின்னால் வெளியேறும். அப்படி வெளியேறும் நீர் கொஞ்ச நாளாகவே மெலிந்துகொண்டு வந்தது. கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தேன், இறகுகள் முழுசாக இருந்தன. அப்புறம்தான் வடிகட்டியின் மூடியைக் கவனித்தேன். சுற்றிலும் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கட்டையாக இறுகிப்போயிருந்தது. பம்பு உறிஞ்சும்போது நீரோடு அந்த வழியே காற்றும் போயிருக்கிறது.

கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று பக்கத்துப் படகுக்காரர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வடிகட்டியின் உடம்பை அரத்தால் லேசாக உரசிப் பார்த்தேன். மஞ்சள் தெரிய வேண்டிய இடத்தில் ரோஜா நிறம். வெண்கலம் என்று முன்பு யாரோ மாட்டி வைத்தது சாதாரணப் பித்தளை, குணா! கடல்நீரில் கிடந்து துத்தநாகம் கரைந்துபோய், மிச்சம் நிற்பது பொரபொரத்த செம்பு. வெளியே பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஸ்பேனர் போட்டு அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உடையும். அது நீர்மட்டத்துக்குக் கீழே வேறு இருந்தது. அரை மீட்டர் ஆழத்தில் முக்கால் அங்குலக் குழாய் திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். ஆளில்லாத இரவில் அப்படி நடந்தால் விடியும்போது படகு இருக்காது. அதனால் மொத்தமாக மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

பிளாஸ்டிக் வடிகட்டியும் பார்த்தேன். அரிப்பே கிடையாது, விலையும் குறைவு. ஆனால் எஞ்சின் அறைச் சூட்டில், கால் படுகிற இடத்தில் அதை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. 85 சதவீதம் செம்பு, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5 என்ற கலவையில் வார்த்த வெண்கலத்தையே வாங்கினேன். நடுவில் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் உருளை. அதைத் தின்னர், அசிட்டோன் எதிலும் துடைக்கக்கூடாது, மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும். வெறும் சோப்புத் தண்ணீர் போதும்.

அடுத்து நீ ரசிக்கும் விஷயம். புது வடிகட்டியின் திருகுப் புரி அமெரிக்க அளவு, என்பிடி. ஹோஸை (ரப்பர் குழாயை) மாட்டும் பழைய முனைகள் பிரிட்டிஷ் அளவு, பிஎஸ்பி. முக்கால் அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரிதான். அதனால் ஒன்றுக்குள் ஒன்று சில சுற்று சமர்த்தாக ஏறும். ஆனால் புரியின் கோணம் பிஎஸ்பியில் 55 பாகை, என்பிடியில் 60, அதனால் சரியாகப் பொருந்தி அடைக்காது. டேப்பைச் சுற்றி முறுக்கிவிட்டு ஒழுகவில்லை என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முனைகளையும் என்பிடியில் புதிதாக வாங்கிவிட்டேன். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புகளை ஒவ்வொன்றாகக் காந்தம் வைத்துப் பார்த்தேன். சிலவற்றில் பட்டை காந்தத்தில் ஒட்டாத நல்ல துருப்பிடிக்காத எஃகாக இருக்கும், திருகாணி மட்டும் ஒட்டும். துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அப்படிப்பட்டவற்றைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஹோஸும் புதிது, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளாதபடி உள்ளே கம்பிச்சுருள் வைத்தது.

வேலையைப் படகு மிதக்கும்போதே செய்தேன். கடல்நீர் படகுக்குள் வரும் இடத்தில் இருக்கும் வால்வான சீகாக்கை மூடி, மரக்கட்டை அடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு ஹோஸை மெதுவாகத் தளர்த்தினேன். சொட்டுக்கூட வரவில்லை, வால்வு சரியாக மூடுகிறது. புதியதை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு குறுக்குப் பலகையில் பொருத்தினேன். இனி குப்பை எடுக்க மூடியைத் திறந்தால் கடல் உள்ளே பாயாது. நீர் வடிகட்டிக்குள் இருக்கும் சல்லடைக் கூடைக்கு உள்ளே நுழைந்து வெளியே வரும்படி திசை பார்த்து மாட்ட வேண்டும். மாறிப்போனால் குப்பை கூடைக்கு வெளியே அடையும், எடுப்பது பெரும்பாடு.

எஞ்சினை ஓட்டியதும் உருளைக்குள் குமிழ்கள் சரம்சரமாக வந்தன. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டன. ஹோஸில் தங்கியிருந்த காற்று அவ்வளவுதான். ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வைத்தேன், மறுநாளும் உலர்ந்தே இருந்தது. பின்னால் நீர் இப்போது பழையபடி பலமாகக் கொட்டுகிறது. மலாக்கா நீரிணையில் ஜெல்லிமீன் கூட்டமும் பிளாஸ்டிக் பையும் குறையாது. இனி அவை வந்தால் மூடியைத் திறக்காமலே கண்ணுக்குத் தெரியும். இது எனக்குப் பெரிய நிம்மதி.

டிசம்பரில் வடகிழக்குக் காற்று நிலைத்துவிடும். முட்டி இடம் கொடுத்தால் கமலாவோடு வா. கழிவறைக்கும் சிங்குக்கும் போகும் சீகாக்குகளை இன்னும் உரசிப் பார்க்கவில்லை. அவை வெண்கலமா பித்தளையா என்று உன் கண் சொன்னால்தான் நம்புவேன். உன்னிடம் இருக்கும் அந்தச் சின்ன அரத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா, என்னுடையது மழுங்கிவிட்டது.

அன்புடன்,
செல்வம்