திருப்பித் தராத மூன்று பேரிங்

பார்சிலோனாவில் 2019 உலக ரோலர் கேம்ஸ், அதாவது சக்கர விளையாட்டுகளுக்கான உலகப் போட்டி, முடிந்து திரும்பியதும் எல்லோரும் கேட்டது, "எத்தனையாவது இடம்?" என்றுதான். ஸ்கேட்டிங்கில் எலிமினேஷன் பந்தயம் என்னுடையது; அதில் பாதி தாண்டுவதற்குள் என் எண்ணை அறிவித்துவிட்டார்கள். கடைசி ஆளாகக் கோட்டைத் தொட்டால் வெளியே, அவ்வளவுதான். ஆனால் அன்று காலை நான் கோட்டில் போய் நின்றதே சிலர் புண்ணியத்தில். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில், பெயர்கூடக் கேட்க மறந்துபோன அந்த ஸ்கேட்போர்டு பெண்ணுக்கு. தப்பு என்னுடையது. முந்தின இரவு பேரிங்குகளைக் கழுவி, சரியாக உலர்த்தாமல் மாட்டிவிட்டேன். காலையில் சக்கரத்தைச் சுண்டினால் கரகரவென்று நின்றுவிட்டது. காலுக்கு நான்கு சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு என்று மொத்தம் 16 பேரிங். அதில் ஐந்து போச்சு, கையில் உதிரி இரண்டு. நான் பேயறைந்தவள் மாதிரி வேனில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பக்கத்து இருக்கையிலிருந்து கை நீட்டிச் சக்கரத்தை வாங்கினீர்கள். காதருகே வைத்துச் சுழற்றி, முகத்தைச் சுளித்தீர்கள். அப்புறம் உங்கள் பழைய பலகையை மடியில் கவிழ்த்து, சக்கரத்தை அச்சு முனையில் மாட்டி ஒரு நெம்பு! மூன்று பேரிங் என் உள்ளங்கையில். என் சக்கரம் 110 மில்லிமீட்டர், உங்களுடையது ஏறக்குறைய அதில் பாதி. உள்ளே இருப்பது மட்டும் இருவருக்கும் அதே 608 அளவு பேரிங்: துளை 8, வெளிவட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். இத்தனை வருடம் உருட்டியும் இது எனக்கு உறைத்ததில்லை.

அடுத்து, வளைவில் என் சக்கரம் முன்னால் போனவருடைய சக்கரத்தில் உரசித் தடுமாறியபோது முதுகில் கை வைத்து நிமிர்த்திவிட்டவருக்கு. விட்டிருந்தால் உங்களுக்கு ஓர் ஆள் குறைந்திருக்கும். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டீர்கள். சட்டை நிறம் மட்டும் நினைவிருக்கிறது.

கோச் சாருக்கு நன்றி சொன்னால் திட்டுவார். ஆகவே சொல்லவில்லை.

ஸ்கேட் மாட்டி ஆடும் ரிங்க் ஹாக்கியின் ஆண்கள் இறுதி ஆட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போர்த்துகல் பாட்டியை விட முடியாது. எனக்கு அந்த ஆட்டம் புதிது. ஓர் அணியின் பத்தாவது ஃபவுலுக்கு எதிரணிக்கு நேரடி அடி உண்டு என்பதைப் பத்து விரலையும் விரித்தே புரியவைத்தார். அர்ஜென்டினாவுடன் கூடுதல் நேரத்திலும் 0-0. பெனால்டியில் போர்த்துகல் ஜெயித்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். 2003-க்குப் பிறகு அவர்களுக்கு இதுதான் முதல் உலகப் பட்டமாம். நானும் சேர்ந்து அழுதேன், காரணம் வேறு.

2017-ல் நான்ஜிங்கில் நடந்த முதல் கேம்ஸை அலைபேசியில் பார்த்தவள் நான். அன்றைக்கு "நீயும் போவே" என்று சொன்ன அம்மாவுக்கு இந்த மடலை வாசித்துக் காட்டுவேன்.

ஸ்கேட்போர்டுக்காரரே, உங்கள் மூன்று பேரிங்கும் இன்னும் என் ஷூவில்தான் ஓடுகின்றன. போன வாரம் கழுவினேன். இரண்டு நாள் உலரவிட்டுத்தான் மாட்டினேன்.