ஏரிக்கரை ஸ்ட்ரீட்கார்: ஸ்காபரோவின் காசை யாரும் பிடுங்கவில்லை

ஆகஸ்ட் 2025

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மார்க்கம் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். ரொறன்ரோவின் ஏரிக்கரை வீதியான குயின்ஸ் கீ கிழக்கில் கொண்டோ வாங்கி இருக்கிற பணக்காரருக்கு இரண்டரை பில்லியன் டொலரில் ஸ்ட்ரீட்கார் (வீதித் தண்டவாளத்தில் ஓடும் ட்ராம்) எதற்கு, அந்தக் காசை நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்குக் கொடுக்கலாமே என்று கேட்டிருந்தார். ஸ்காபரோ மீது அவருக்குள்ள அக்கறைக்கு நன்றி. நான் இருப்பது ஸ்காபரோவில், மக்கோவனும் எல்ஸ்மியரும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட, வாடகை வீட்டில். வேலை செய்வது குயின்ஸ் கீ கிழக்கில், ஒரு அலுவலகக் கட்டடத்தின் மாலைநேரத் துப்புரவுப் பகுதியில். அதனால் இரண்டு பக்கத்துக்காகவும் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

அந்தப் "பணக்காரர்" யார் என்று பார்க்க விரும்பினால் ஒரு பின்னேரம் ஷேர்போர்ன் சப்வே நிலையத்தில் 75ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். சென் ஜேம்ஸ் ரவுனில் பஸ் நிறைந்துவிடும். டண்டாஸ் தாண்டுவதற்குள் தள்ளுவண்டியோடு நிற்கும் தாய்மார், ஊன்றுகோல் பிடித்த வயதானவர்கள் என்று வாசல் அடைபட்டுவிடும். ஒடுங்கிய வீதி, ஒரு லொறி நிறுத்தினால் பஸ்ஸும் நிற்கும். கடைசிவரை இருந்து ஏரிக்கரையில் இறங்குகிறவர்கள் யார்? ஜோர்ஜ் பிரவுன் கல்லூரியில் தாதியர் படிப்பும் பல் மருத்துவ உதவியாளர் படிப்பும் படிக்கிற பிள்ளைகள், கொண்டோ வாசல் மேசையில் இரவுக்கு இருக்கப் போகும் காவலாளி, கோப்பிக் கடைப் பெட்டை, என்னைப் போலத் துடைப்பமும் வாளியும் பிடிக்கிறவர்கள். இவர்களில் பலரை எனக்கு ஸ்காபரோவின் கெனடி சப்வே நிலையத்திலிருந்தே முகம் தெரியும். மேல் மாடிகளில் இருக்கிறவருக்கு நிலத்துக்குக் கீழே கார் நிற்கிறது. ஸ்ட்ரீட்கார் வராவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

சரி, கதை எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். 2001இல் மத்திய அரசு, ஒன்ராறியோ மாகாணம், ரொறன்ரோ நகரம் மூன்றும் ஆளுக்கு 500 மில்லியன் டொலர் தருவதாகச் சொல்லி, ஏரிக்கரையைத் திருத்த ஒரு நிறுவனத்தை அமைத்தன. பொதுப் போக்குவரத்து முதலில் வரும், குடியிருப்பு அதன்பின் வரும் என்பதுதான் அப்போது சொன்ன கொள்கை. மேற்குப் பக்கத்தில் நகர மையத்து யூனியன் நிலையத்திலிருந்து ஸ்பதைனா வரைக்கும் ஸ்ட்ரீட்கார் 1990இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. கிழக்குப் பாதைக்கான சுற்றாடல் மதிப்பீடு 2010இல் ஒப்புதல் பெற்றது. அதே வருடம் சுகர் பீச் திறந்தார்கள். இளஞ்சிவப்புக் குடைகளின் கீழ் இருந்துகொண்டு பக்கத்துச் சீனி ஆலையில் கப்பல் இறக்குவதைப் பார்க்கலாம், காற்றில் பாகு வாசம் வரும். 2012இல் கல்லூரி வந்தது. இப்போது யங் தெரு முனையில் நூறு மாடியைத் தாண்டிய கட்டடம் எழும்புகிறது. வராதது தண்டவாளம் மட்டும்தான். முதலில் வரவேண்டியது எதுவோ அதுதான் கடைசியில் நிற்கிறது.

இடையில் நடந்தவற்றை முழுக்கச் சொன்னால் உங்கள் பத்திரிகையில் இடம் போதாது. 2017இல் கூகிளின் சகோதர நிறுவனம் ஒன்று ஏரிக்கரையில் கீசைட் என்ற நிலத்தில் "அறிவார்ந்த நகரம்" கட்டப்போவதாக வந்தது. ஸ்ட்ரீட்காருக்குக் காசு திரட்ட உதவுகிறோம் என்றும் சொன்னது. 2020 மே மாதம் பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டது. 2019இல் யூனியனுக்கும் குயின்ஸ் கீக்கும் இடையே ஸ்ட்ரீட்காருக்குப் பதில் தானியங்கி வண்டி விடலாமா என்று ஒரு ஆய்வு செய்து, கடைசியில் ஸ்ட்ரீட்காரே சரி என்று முடிவெடுத்தார்கள். ஆய்வு நடந்த காலத்திலெல்லாம் சீமெந்தின் விலை ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை. 2024இல் நகரசபைக்குப் போன மதிப்பீடு 2.57 பில்லியன். பாதையின் நீளமோ நான்கு கிலோமீற்றருக்கும் குறைவு.

அவ்வளவு காசு எங்கே போகிறது என்று மார்க்கம் வாசகர் கேட்டது நியாயமான கேள்வி. பெரும் பங்கு நிலத்துக்குக் கீழே போகிறது. யூனியன் நிலையத்தின் அடியில் ஸ்ட்ரீட்கார் திரும்புவதற்கு இருப்பது ஒரேயொரு சிறு வளைவு. கோடையில் ஏரிக்குள் இருக்கிற சென்றர் ஐலண்ட் தீவின் பிக்னிக்குக்குப் பிரியாணிச் சட்டியும் பாயும் பிள்ளைகளுமாகப் படகுத்துறைக்குப் போன எவருக்கும் அந்த மேடையின் நெரிசல் தெரியும். கிழக்கிலிருந்தும் வண்டிகள் வருவதென்றால் அந்த வளைவையும் குயின்ஸ் கீ நிலையத்தையும் பெருப்பிக்க வேண்டும். மேலே ரயில் பாதைகள், பக்கத்தில் உயர்ந்த கட்டடங்களின் அத்திவாரம், கீழே ஏரியின் நீர்மட்டம். இவற்றுக்கு நடுவே தோண்ட வேண்டும். செலவு ஏறத்தான் செய்யும். வருடம் தள்ளிப்போட்டதால் அது ஒரு சதமும் குறையவில்லை.

கிழக்கே பழைய துறைமுக நிலமான போர்ட் லாண்ட்ஸில் நடந்ததைப் பாருங்கள். 2017இல் மூன்று அரசுகளும் 1.25 பில்லியன் டொலர் ஒதுக்கின. டொன் ஆற்றுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். 240 ஹெக்டேர் நிலத்தை வெள்ள ஆபத்திலிருந்து மீட்டார்கள். ஒரு புதிய தீவே உருவானது. அதற்கு ஊக்வெமின் மினிசிங் என்று பூர்வகுடி மொழியில் பெயர் வைத்தார்கள். 2025 ஜூலையில் அங்கே பீடாசிகே பூங்காவைத் திறந்தபோது நானும் பேரப்பிள்ளைகளோடு போனேன். வடிவான இடம், குறை சொல்ல மாட்டேன். புதிய பாலங்களை நோவா ஸ்கோஷியாவின் டார்ட்மத்தில் செய்து கடல்வழியாகவும் சென் லோரன்ஸ் ஆற்றின் வழியாகவும் மிதவையில் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்று ஸ்ட்ரீட்காருக்கென்றே செய்த தனிப் பாலம். பாலம் வந்துவிட்டது, அதற்கு மேலே போகத் தண்டவாளம் இல்லை. பாதைக்குக் காசு இல்லாத ஊரில் பாதையின் பாலத்துக்கு மட்டும் எப்படிக் காசு வந்தது என்று என் மூத்த பேரன் கேட்டான். நகரசபையில் இதற்குப் பதில் வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால் அவனுக்கு எழுதலாம்.

2025 ஜனவரியில் மூன்று அரசுகளும் சேர்ந்து இன்னும் 975 மில்லியன் டொலர் அறிவித்தன. அது கீசைடிலும் இந்தப் புதிய தீவிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டுவதற்கான நிலம், குழாய், வீதி வேலைகளுக்கு. நல்லது. அந்த வீடுகளில் ஒரு பகுதி கட்டுப்படியாகும் வாடகைக்கு வரும் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பேஸ்மென்ற்றை விட்டு அங்கே குடிபோக விண்ணப்பிக்கவும் கூடும். அப்படிப் போகிறவர்கள் வேலைக்கு எதில் போவது? கார் வாங்கினால் மிச்சப்பட்ட வாடகை கார்க் காப்புறுதிக்குப் போய்விடும். ஒரு புது வீட்டுக்காரர் முதல் வருடமே கார் வாங்கிவிட்டால், பத்து வருடம் கழித்து வாசலில் ஸ்ட்ரீட்கார் வந்து நின்றாலும் அவர் அதில் ஏறுவது சந்தேகம்.

இது ரொறன்ரோவுக்குத் தெரியாத பாடம் என்று சொல்ல முடியாது. லண்டனில் சொந்தக்காரர் உள்ளவர்கள் கனாரி வோர்ஃப் பார்த்திருப்பீர்கள். தேம்ஸ் கரையில் அந்தக் கோபுரங்களைக் கட்டியது ரொறன்ரோவைச் சேர்ந்த ஒலிம்பியா அன்ட் யோர்க் நிறுவனம்தான். அங்கே போக அப்போது இருந்தது 1987இல் திறந்த ஒரு சின்ன இலகு ரயில். கட்டட விலை விழுந்த நேரம், அலுவலகங்களை வாடகைக்கு எடுக்க ஆள் வரவில்லை. நல்ல ரயில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். 1992இல் நிறுவனம் முறிந்தது. ஜூபிலி சுரங்க ரயில் அங்கே வந்து சேர்ந்தது 1999இல். எங்கள் ஊர் நிறுவனம் அங்கே பட்டதை எங்கள் ஊர் ஏரிக்கரையில் மறுபடி பட்டுத்தான் அறிய வேண்டுமா?

இனி ஸ்காபரோ. ஸ்காபரோவின் காசை ஏரிக்கரை தின்றுவிட்டது என்பது மார்க்கம் வாசகரின் வாதம். நடந்தது வேறு. எங்களுக்கு ஏழு நிறுத்தங்களோடு ஒரு இலகு ரயில், முழுச் செலவையும் ஒன்ராறியோ ஏற்பதாக 2012இல் ஒப்பந்தமே ஆகியிருந்தது. 2013இல் நகரசபை அதைத் தூக்கி எறிந்துவிட்டு சப்வே கேட்டது. மூன்று நிறுத்தம் என்றார்கள், 2016இல் ஒரு நிறுத்தம் என்றார்கள், 2019இல் மாகாணம் வந்து மறுபடி மூன்று என்றது. இப்படி வரைபடத்தை மாற்றி மாற்றிக் கீறிக்கொண்டிருந்த காலத்தில் ஸ்காபரோவில் ஓடிக்கொண்டிருந்த பழைய ரயில் கிழண்டுபோனது. 2023 ஜூலை 24 பின்னேரம் எல்ஸ்மியர் நிலையத்துக்குத் தெற்கே அதன் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. அன்றோடு சேவை முடிந்தது. அன்றிலிருந்து கெனடிக்கு பஸ்ஸில்தான் போகிறோம். இதில் குயின்ஸ் கீ எங்கே வந்தது? 2010இல் ஒப்புதல் வாங்கிய ஏரிக்கரைப் பாதையையும் 2012இல் ஒப்பந்தமான எங்கள் பாதையையும் கெடுத்தது ஒரே பழக்கம்தான்: புதிதாக வருகிறவர் முந்தினவரின் திட்டத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்காபரோ சப்வேக்கென்று 2014 முதல் ரொறன்ரோவின் சொத்துவரியில் ஒரு பங்கு சேர்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் அதைக் கட்டுகிறார், வாடகையில் நான் கட்டுகிறேன், ஏரிக்கரைக் கொண்டோக்காரரும் கட்டுகிறார். மார்க்கத்தில் இருப்பவர் கட்டுவது யோர்க் பிராந்தியத்துக்கு.

காசே இல்லை என்ற கதையையும் நான் நம்பவில்லை. கார்டினர் நெடுஞ்சாலையின் கிழக்குத் துண்டை இடித்துத் தரையில் வீதி போடலாமா, மேலேயே வைத்துக்கொள்ளலாமா என்று 2015இல் நகரசபையில் வாக்கெடுப்பு நடந்தது. 24க்கு 21 என்று மேலேயே வைக்க முடிவானது, செலவு கூட என்று தெரிந்துகொண்டே. காருக்கென்றால் மூன்று வாக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

பஸ் விட்டால் போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். இன்றைக்குப் போதும், நாளைக்கே வர்ணம் அடித்து பஸ்ஸுக்குத் தனி ஒழுங்கை ஒதுக்கினால் நானே முதல் ஆளாகக் கை தட்டுவேன். ஆனால் நகரின் பஸ், ரயில்களை ஓட்டும் ரிரிசியின் கணக்கில் ஒரு பஸ் ஏற்றுவது ஏறத்தாழ 50 பேர், ஒரு புதிய ஸ்ட்ரீட்கார் 130 பேர். தீவிலும் கீசைடிலும் ஆட்கள் வந்து நிறைந்த பிறகு எத்தனை பஸ்ஸை அடுத்தடுத்து விடுவது, அதற்கு எத்தனை சாரதிகளைப் பிடிப்பது?

என் யோசனை இது. யூனியன் சுரங்கத்துக்காக எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டாம். செரி தெருவில் டிஸ்டிலரி வட்டாரம் வரைக்கும் போட்ட தண்டவாளத்தில் 2016இலேயே வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. கிங் தெரு வழியாக ஓடும் 504 ஸ்ட்ரீட்கார் வந்து ரயில் மேட்டுக்கு இந்தப் பக்கத்தில் திரும்பிப் போகிறது. அந்த மேட்டைக் குடைந்து ஒரு வழி திறந்தால் தண்டவாளம் ஏரிக்கரைக்குப் போய்விடும். அங்கிருந்து ஒரு கிளை, காத்துக்கிடக்கும் பாலத்தின் மேலாகத் தீவுக்கு. இன்னொரு கிளை குயின்ஸ் கீ வழியாக மேற்கே. எல்லாம் தரைக்கு மேலே நடக்கிற வேலை. யூனியன் தொடுப்பு இல்லாமல் இது முழுப் பாதை ஆகாது, கிங் தெருவில் ஏற்கெனவே இருக்கிற நெரிசலும் கூடும். தெரிந்துதான் சொல்கிறேன். சுரங்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை, அது வருகிற நேரம் வரட்டும்.

இதில் ஸ்காபரோவுக்கு இருக்கிற லாபத்தை ஏன் ஒருவரும் பேசுவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. கட்டப்பட்டுக்கொண்டிருக்கிற ஒன்ராறியோ லைன் என்ற புதிய சப்வே பேப் நிலையத்தில் எங்கள் சப்வேயைச் சந்திக்கும். அங்கிருந்து தெற்கே வந்தால் கிங் தெருவுக்கு அருகில் கோர்க்ரவுன் நிலையம், அதன் பக்கத்தாலே போவது இதே 504. ஆக கெனடியில் ஏறுகிற ஒருவர் பேப்பில் ஒரு தடவை, கோர்க்ரவுனில் ஒரு தடவை மாறினால் ஏரிக்கரையில் இறங்கலாம். யூனியனின் நெரிசலுக்குள் போகவே தேவையில்லை. மற்றப் பக்கமாகவும் யோசியுங்கள்: ஏரிக்கரையில் வீடு கிடைத்த பிள்ளை ஸ்காபரோவில் இருக்கிற தாய்தகப்பனைப் பார்க்க வருவதும் இந்த வழியால்தான்.

எக்ளின்டன் வீதியில் 2011இல் தோண்டத் தொடங்கிய ரயில் பாதையை 2020இல் திறப்போம் என்றார்கள், 2025 ஆகஸ்டிலும் ஒரு பயணி ஏறியிருக்கவில்லை. அதைக் காட்டி, ரொறன்ரோவில் தண்டவாளம் என்றாலே இப்படித்தான் என்று கையை விரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே டிஸ்டிலரித் துண்டைச் சத்தமில்லாமல் போட்டு முடித்ததும் இதே நகரம்தான்.

2026 ஒக்ரோபரில் நகரசபைத் தேர்தல். கோடை விழாக்களில் கொத்துரொட்டித் தட்டோடு படம் எடுக்க இப்போதே வரத் தொடங்கிவிட்டார்கள். வருகிறவர்களிடம் வாசகர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: டிஸ்டிலரி முனையிலிருந்து தீவுவரை தண்டவாளம் போட எந்த வருட வரவு செலவில் காசு வைப்பீர்கள்? வருடத்தைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். "ஆய்வு நடக்கிறது" என்று பதில் வந்தால், 2010இல் ஒப்புதலான ஆய்வு எங்கே என்று கேளுங்கள். ஸ்காபரோ உறுப்பினர்களிடமும் கேளுங்கள். அது எங்கள் தொகுதி இல்லை என்று தப்ப விடாதீர்கள். அவர்களுக்கு வாக்குப் போடுகிறவர்கள்தான் தினமும் அங்கே போய் வேலை செய்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி