அந்தச் சூட்டைப் பற்றி

காங்கேயம்
16.11.2025, ஞாயிறு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீயும் அம்மிணியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது, போனில் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்க மாட்டேன் என்கிறாயே. சாப்பிட்டீங்களா, மழை வந்துச்சா, சரிங்கப்பா வைக்கிறேன். அவ்வளவுதான். மழை வந்தது. கிணற்றில் எட்டடி தண்ணீர் ஏறியிருக்கிறது. செவலை கன்று போட்டுவிட்டது, காளைக்கன்று. போன வாரமே போட்டது. உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று உன் அம்மா யோசித்து, சொல்லாமலே போனை வைத்துவிட்டாள். மாடு கன்று போட்டதைக்கூட உனக்குப் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய காலமாகிவிட்டது.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. குடும்ப குரூப்பில் ஒரு படம் போட்டிருந்தாயே, இடுப்பில் துண்டோடு ஐந்து பேர் பலகையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, முகமெல்லாம் தக்காளி மாதிரி. டிசம்பரில் மறுபடியும் கப்பல், இரண்டு நாளும் சவுனாதான் என்று, அந்த அனல் அறைக் குளியலைப் பற்றிக் கீழே எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காராதே கண்ணு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும்.

எனக்கென்ன தெரியும் என்று நினைக்காதே. நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனவன்தானே. போன வருஷம் ஜூனில் பின்லாந்துக்கு உன்னிடம் வந்திருந்தபோது ஹெல்சிங்கியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்குக் கப்பல் ஏறினோம். பதினொரு மணிக்கும் பொழுது இறங்காமல், உன் அம்மா விளக்கு வைக்கிற நேரம் தெரியாமல் திண்டாடினாள். விடியக் காலையில் மரியேஹாம் என்ற தீவில் கப்பல் நின்றது. இந்நேரத்தில் யார் இறங்கப் போகிறார்கள் என்று கேட்டேன். ஆள் இறங்குவதற்காக மட்டும் இல்லைங்கப்பா, இந்தத் தீவு ஐரோப்பாக்காரர்களின் வரிக் கணக்குக்கு வெளியே இருக்கிறது, இங்கே தொட்டுவிட்டுப் போனால்தான் கப்பலில் சரக்கை வரியில்லாமல் விற்க முடியும் என்றாய். நம் ஊர் ஆட்களுக்கு மட்டும்தான் மூளை என்று நினைத்திருந்தேன்.

அந்த ராத்திரிதான் சவுனாவுக்குப் போனோம். ஆம்பிளைகள் எல்லாம் பிறந்த மேனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நான் கதவிலேயே நின்றேன். நீ கூச்சமே இல்லாமல் உள்ளே போனாய். உன்னை அப்படி ஐந்து வயசில் வாய்க்காலில் பார்த்தது. சுவரில் இருந்த வெப்பமானி 80 காட்டியது. பன்னிரண்டு வருஷம் நெல் அவிக்கிற ஆலையில் பாய்லர் முன்னால் நின்றவனுக்கு இதெல்லாம் ஒரு சூடா என்று மேல்பலகையில் ஏறி உட்கார்ந்தேன். அந்த வெள்ளைக்காரப் பெரியவர் வாளியிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீரை அடுப்புக் கல்மேல் ஊற்றினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். ஆவி கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் ரெண்டு காது மடலையும் யாரோ நெருப்புக் குச்சியால் தொட்ட மாதிரி இருந்தது. கீழ்ப்பலகைக்கு இறங்கிவிட்டேன். நீ சிரித்தாய். அந்த ஆவிக்கு அவர்கள் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், லோயுலு என்று நீ சொல்லிக்கொடுத்தும் எனக்கு வாயில் நுழையவில்லை.

அடுத்த அறைதான் எனக்குப் பழக்கப்பட்டது. ஓடு பதித்த, தைல வாசனை அடிக்கிற அந்த நீராவி அறை. அங்கே வெறும் 45 டிகிரிதான், ஆனால் அஞ்சே நிமிஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது. ஏன் என்று நீ கேட்டாய், அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன். சவுனாவில் இருப்பது காய்ந்த அனல். வேர்வை வேர்க்க வேர்க்கக் காய்ந்துவிடும், காயும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நீராவி அறையில் வேர்வை காயாது. அதோடு விடாமல், ஆவியே உன் தோல்மேல் பட்டுத் தண்ணீராக மாறும். ஒரு கிராம் ஆவி தண்ணீரானால் 540 கலோரி சூட்டை இறக்கிவிட்டுப் போகும். பாய்லர் பரீட்சையில் எனக்கு வந்த முதல் கேள்வியே அதுதான். ஊறின நெல் அந்த 540-ல்தான் வாய் பிளக்கிறது. நெல்லுக்கு நல்லது, மனுஷனுக்கு அளவாக இருக்க வேண்டும். நாம் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு நொச்சித் தழைக்கு முகத்தைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர்கள் முழு உடம்பையும் உள்ளே வைக்கிறார்கள்.

அங்கே ஹெய்னோலா என்ற ஊரில் நடந்ததை நீயே எனக்குச் சொன்னாய். யார் அதிக நேரம் சவுனாவில் உட்காருவது என்று உலகப் போட்டி, 110 டிகிரியில், அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி. 2010-ல் கடைசிச் சுற்றில் ரஷ்யாக்காரர் செத்தே போனார், அதோடு போட்டியையே நிறுத்திவிட்டார்கள். அதை நீ வேடிக்கைக் கதையாகச் சொன்னாய். படத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பையன்களும் யார் கடைசியில் எழுந்திருப்பது என்று போட்டி போடுகிற முகமாகத்தான் இருக்கிறது. காலுக்குக் கீழே பீர் டப்பாவும் தெரிகிறது. நீ குடிப்பாயா என்று கேட்கவில்லை. குடித்துவிட்டு உள்ளே போகாதே என்று மட்டும் சொல்கிறேன். டிசம்பரில் கடல் ஆடும், ஈர ஓட்டில் கைப்பிடியைப் பிடிக்காமல் நடக்காதே. தண்ணீர் நிறையக் குடி. பத்து நிமிஷம், அப்புறம் வெளியே வந்துவிடு.

நீ அனுப்பிய ஆராய்ச்சியையும் பெரிய எழுத்தாக்கிப் படித்தேன். கிழக்கு பின்லாந்தில் 2,300-க்கும் மேற்பட்ட ஆம்பிளைகளை இருபது வருஷம் பார்த்தார்களாம். வாரத்தில் நாலு தடவையோ அதற்கு மேலோ சவுனா போனவர்களிடம் இதயம் நின்று திடீரென்று சாவது குறைவாம். சந்தோஷம். ஆனால் ஆராய்ச்சியில் சேரும்போதே அவர்களுக்கெல்லாம் 42-லிருந்து 60 வயசு. பெற வேண்டியதெல்லாம் பெற்று முடித்தவர்கள்.

என்னடா இந்தக் கிழவன் சுற்றிச் சுற்றி வருகிறான் என்று உனக்குத் தோன்றும்.

உன் குடியிருப்பில் செவ்வாய்க்கிழமை உங்கள் முறை, ஆபீஸில் வியாழன், வார இறுதியில் நண்பன் வீட்டில். நாங்கள் அங்கே இருந்த ஆறு வாரமும் நான் எண்ணினேன். மடிக்கணினியை மடியிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்வதையும் பார்த்தேன். ஆம்பிளைகளுக்கு அந்தச் சூடு ஆகாது கண்ணு. அது உடம்புக்கு வெளியே தொங்குவதே குளிர்ச்சிக்காகத்தான், உடம்பைவிட ரெண்டு மூணு டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். அந்த ஊர்க்காரர்கள் காலம் காலமாகப் போகிறார்கள், அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லையா என்று கேட்பாய். பிறக்கிறது. நல்ல விளைச்சல் உள்ள காட்டில் நாலு கதிர் போனால் தெரியாது. ஏற்கெனவே குறைவாக இருந்தால்தான் தெரியும். உனக்கு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. இல்லை என்று நீ பார்த்தாயா என்றும் கேட்கவில்லை.

அம்மிணி பார்த்துவிட்டது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஊசி மருந்துப் பெட்டியைப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளை குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும், வந்து வயிற்றைத் தடவிக்கொண்டே எனக்குப் பால் ஆற்றிக் கொடுக்கும். இந்தத் தைக்கு வந்தபோது உன் அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டதும், அம்மா சமையலறையில் மண்சோற்றுப் பேச்சை எடுத்ததும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் திண்ணையில்தான் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேப்பரைப் புரட்டினேன். அன்றிலிருந்து அம்மிணி என்னோடு பேசவில்லை. எப்படிப் பேசும்?

நான் பாய்லர் வேலையை ஏன் விட்டேன் என்று உனக்குச் சொன்னது பொய். கண் எரிச்சல் இல்லை.

1986. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். ரெண்டு பேருக்கும் சோதனை எடுத்தார்கள். சீட்டு வந்ததும் உன் அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார். அவளுக்கு ஒரு குறையும் இல்லை, உங்களுக்குத்தான் உயிரணு எண்ணிக்கை குறைவு என்றார். என்ன வேலை என்று கேட்டார். உமி தள்ளுவதும் சாம்பல் வாருவதுமாகப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, அடுப்பு வாய் என் இடுப்பு உயரம் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். இன்றைக்கு உருவாக ஆரம்பிப்பது முழுசாக ரெண்டரை மாதம் ஆகும், தீயை விட்டுத் தள்ளி இருங்கள், மூணு மாசம் கழித்து வாங்கள் என்றார்.

வெளியே வந்தேன். உன் அம்மா மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லையாம், சாமிதான் கண் திறக்கணுமாம் என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். பல்லடம் தாண்டும் வரைக்கும் அவள் பாக்கி இருக்கிற வேண்டுதலை எல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை உன் அப்பத்தா அவளை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஈரச் சேலையோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையில் போட்ட சோற்றைக் குனிந்து வாயாலேயே எடுத்துத் தின்றாள். நான் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன். சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. எழுந்தபோது மேலுதட்டில் ஒரு பருக்கையும் கொஞ்சம் மண்ணும் ஒட்டியிருந்தது, துடைத்துக்கொள்ளாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உன் அத்தைக்கு வளைகாப்பு நடந்தபோது அவளை வளையல் போட விடவில்லை, அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. மலடி என்று சொன்னவர்கள் பேரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் பேரையும் அதில் சேர்க்க வேண்டும்.

எடை போடுகிற வேலைக்கு மாறினேன், மாதம் 90 ரூபாய் சம்பளம் குறைந்தது. அதற்கு அவள் என்னைத் திட்டினாள். 1988 புரட்டாசியில் நீ பிறந்தாய். பாய்லரை விட்டதால்தானா என்று அடித்துச் சொல்ல டாக்டரம்மாவாலும் முடியவில்லை. உன் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, மண்சோறுதான். அதனால்தான் அம்மிணியையும் சாப்பிடச் சொல்கிறாள். கெட்ட மனசு இல்லை அவளுக்கு. தனக்குக் கிடைத்த வழி என்று நம்புகிறதைச் சொல்கிறாள். அப்படி நம்ப வைத்தவன் நான்.

அந்தச் சீட்டு இன்னும் சின்னப் பெட்டியில் பாய்லர் சர்ட்டிபிகேட்டோடு மடித்துக் கிடக்கிறது. படமெடுத்து அனுப்பலாம் என்று பார்த்தால் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே போன். அதனால்தான் தபால். எல்லாப் பரிசோதனையும் அம்மிணி மட்டும் செய்துகொள்ளட்டும் என்று விட்டிருந்தால், விட்டது போதும். நீ போய் ஒரு தடவை பார்த்துக்கொள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், அன்றைக்கே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடு, வீடு வந்து சேரும் வரைக்கும்கூட வைத்திருக்காதே. ஒருவேளை அதற்கு நாள் தள்ளிப்போயிருந்தால் இந்த டிசம்பரில் அந்த அறைப் பக்கமே அதைக் கூட்டிப்போகாதே. நீ போனாலும் பத்து நிமிஷம்தான். முடிந்தால் மூணு மாசத்துக்குப் போகவே வேண்டாம்.

உன் அம்மாவிடம் எப்போது சொல்வது என்று தெரியவில்லை. முப்பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. நேற்று செவலைக்குத் தவிடு கலக்கும்போது ஆரம்பித்தேன், என்னமோ கேட்கிறாள் என்று நிறுத்திவிட்டேன்.

இப்போதுகூட வந்து எட்டிப் பார்த்தாள், இத்தனை பக்கம் என்ன எழுதுகிறீர்கள் என்று. கப்பலில் குளித்ததைப் பற்றி என்றேன். அந்த அம்மணக் குளியலா என்று சிரித்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அப்பா