லைட் அணையவில்லை என்று சொல்லியிருக்கிறேன்

பழங்காநத்தம், மதுரை
மாசி 8

அன்புள்ள வேலு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் அதைச் சொல்லிப் புலம்புவதற்காவது போன் செய்திருப்பாய். சோமுவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, பந்தி முடிந்த கையோடு கோயம்புத்தூர் பஸ் ஏறியவன்தான். ஆறு மாதமாகிறது. நானும் எழுதவில்லை என்பது உண்மை. ஆனாலும் குற்றப்பட்டியலில் உன் பெயர்தான் முதலில் இருக்கும், ஏனென்றால் பட்டியலை எழுதுபவன் நான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே, "பெட்ரோல் மூடியை இறுக்கிப் பார்த்தாயா?" என்று குறுக்கே விழுவாய். அமெரிக்காவில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்து நீ கற்றுக்கொண்டு வந்த ஒரே வைத்தியம் அது. அதற்கும் பதில் கேட்டு வைத்திருக்கிறேன். பின்னால் வருகிறது, பொறுமையாகப் படி.

சோமுவின் கார் விஷயம்.

மதினி அதை விற்றுவிடச் சொல்லிவிட்டார். சின்னவள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் இன்னும் பாக்கி இருக்கிறது. எல்லீஸ் நகர் வீட்டு வேப்பமரத்தடியில், மேலெல்லாம் சருகும் பறவை எச்சமுமாக, அந்தக் கறுப்பு ஜெர்மன் வண்டி ஐந்து மாதம் சும்மா நின்றது. 2008-ஆம் வருடத்து வண்டி, ஆறு சிலிண்டர் பெட்ரோல். ஆர்.சி.யை 2023-இல் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறான், 2028 வரை கவலையில்லை. அந்த டாக்டர் வீட்டிலிருந்து அவன் அதை வாங்கியபோது நாம் இருவரும் எவ்வளவு சொன்னோம்! "ஆனையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுவானா?" என்று நம் வாயை அடைத்தான். அங்குசத்துக்கு அவன் அழுதானா இல்லையா என்பது இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது.

மாட்டுத்தாவணிப் பக்கத்துத் தரகர் ஒருவர் திருமங்கலத்துக்காரரைக் கூட்டிவந்தார். மகன் கல்யாணத்துக்குள் வாசலில் ஒரு பெரிய வண்டி நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்று லட்சத்து நாற்பதாயிரம் வரை வந்தார். ஓட்டிக் காட்டக் கிளம்பினேன். பைபாஸ் ரோடு சிக்னலில் நின்றதும் வண்டி நடுங்க ஆரம்பித்தது, மழையில் நனைந்த நாயைப்போல. ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, இறங்குகிறது. வேகத்தில் போகும்போது ஒன்றும் தெரியவில்லை, நின்றால் நடுக்கம். அவர் நாகரிகமான மனிதர். "சரிசெய்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று இறங்கிக்கொண்டார்.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஏ.சி. அறையில் காபி கொடுத்தார்கள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ஸ்கேன் போட்டார்கள், பழுது பதிவாகியிருக்கிறது என்றார்கள். புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று அளந்து சொல்லும் ஆக்ஸிஜன் சென்சார் நான்கு, புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டர் இரண்டு, கூலி, வரி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துப் பதினையாயிரம் என்று அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார்கள். தரகரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். "எதற்கு ஐயா இவ்வளவு? ஸ்கேனரை மாட்டி அந்தப் பதிவை அழித்துவிட்டு அன்றைக்கே வண்டியைக் காட்டிவிடலாம். வாங்கிய பிறகு அவர் பாடு" என்றார். திருமங்கலத்துக்காரர் அவருக்கு மச்சான் முறை வேறு.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. பணத்தை நினைத்தா, மச்சானை நினைத்தா என்று கேட்காதே.

மறுநாள் நம் நண்பன் 'ஒட்டகம்'தான் வழி சொன்னான். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. பாலிடெக்னிக் படித்த பையன், முப்பது வயது இருக்கும். பானெட்டைத் திறக்கவில்லை, ஸ்கேனரையும் எடுக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினான். டேஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் ஒரு சேர எரிந்தன. ஆயில், பேட்டரி, ஏர்பேக் என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவன், "ஐயா, ஒன்று குறைகிறதே" என்றான்.

செக் இன்ஜின் லைட், இன்ஜினில் பழுது என்றால் எரிகிற விளக்கு. சாவியைத் திருப்பியதும் அது எரிந்து காட்ட வேண்டுமாம், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டுமாம். 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சடங்கு அது. பழைய வண்டி பார்க்கப் போகிறவன் முதலில் கவனிக்க வேண்டியதே இதைத்தான் என்றான். வராவிட்டால் பல்பு போயிருக்க வேண்டும், அல்லது யாரோ கைவைத்திருக்க வேண்டும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஊசிகள் கொண்ட சாக்கெட் இருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லா கார்களிலும், ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களில் இந்த ஏற்பாடு கட்டாயம். அதில் லேப்டாப்பை மாட்டினான். இசிஎம் என்கிற மூளைப்பெட்டி என்ன சொல்கிறது தெரியுமா? "லைட்டை எரியவிட்டிருக்கிறேன்" என்கிறது. நம் கண்ணுக்கோ ஒன்றும் தெரியவில்லை. பையன் டார்ச்சை அடித்துக் குனிந்தான். மீட்டர் கண்ணாடிமேல் நகத்தை வைத்து மெல்லக் கீறினான். அவன் நகநுனியில் வந்தது ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது, ஓரத்தில் வெள்ளையாகப் பவுடர். அது இருந்த இடத்தில் மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

சோமு!

இன்னும் கேள். லைட் எரியத் தொடங்கியபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் அந்தப் பெட்டி எண்ணி வைத்திருக்கிறது. 6,240. மீட்டரில் 1,18,900. கழித்தால் 1,12,660. பெட்ரோல் போடும்போதெல்லாம் அவன் குறித்து வைப்பானே, அந்தச் சின்ன நோட்டு டேஷ்போர்டுப் பெட்டியிலேயே இருந்தது. புரட்டினேன். 1,12,900 என்ற எண்ணுக்கு எதிரே "வத்தலகுண்டு" என்று எழுதியிருக்கிறான்.

நாம் மூவரும் கொடைக்கானல் போன நாள், வேலு. அதற்கு முன்பே அது எரிந்திருக்கிறது. டம்டம் பாறையில் வண்டியை நிறுத்திச் சுக்குக் காபி குடித்தோமே, "என் வண்டியில் சித்திரைத் திருவிழாபோல என்னென்னவோ எரிகிறது, உன்னுடையதில் ஒன்றும் காணோமே" என்று நீ வயிற்றெரிச்சல் பட்டாயே. "நல்ல மாடு கத்தாது" என்று டேஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தான். முகத்தில் ஒரு சலனம் இருந்ததா? நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

அவன் மூடி வைத்தது இது ஒன்றை மட்டுமா என்று உனக்கும் தோன்றும். பீரோவின் அடித்தட்டில் கிடைத்த காகிதங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. வட்டி எவ்வளவு என்று நேரில் சொல்கிறேன். நம்மிடம் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டோமா? கொடுத்திருப்போம், ஆறு மாதம் சொல்லிக் காட்டியிருப்போம். அதுதான் அவனுக்குப் பயம்.

சரி, பழுதுக்கு வருகிறேன். பதிவான எண்கள் இரண்டு: பி0171, பி0174. சிலிண்டர்கள் மும்மூன்றாக இரண்டு வரிசை. இரண்டிலும் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. அளக்கப்படாத காற்று எங்கிருந்தாவது நுழைந்தால் மூளைப்பெட்டி பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ஈடுகட்டுகிறது, ஓர் எல்லைக்கு மேல் முடியாதபோது லைட்டைப் போடுகிறது. பையன் திரையைக் காட்டினான். வண்டி நின்று ஓடும்போது ஈடுகட்டுவது 24 சதவீதம். ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் அது ஆறாக இறங்கிவிட்டது. "காற்று ஒழுகுகிறது ஐயா, சந்தேகமே இல்லை" என்றான். நான் விழித்ததைப் பார்த்து, "சின்ன டம்ளர் காபியில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டால் நாக்குக்குத் தெரியும், அண்டாவில் விட்டால் தெரியுமா?" என்று கேட்டான். நிற்கும்போது இன்ஜின் இழுப்பது டம்ளர் அளவு, ஓடும்போது அண்டா அளவு. நேர்மாறாக, மிதிக்க மிதிக்க எண் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்பையோ ஃபில்டரையோ சந்தேகப்பட வேண்டுமாம்.

"அப்படியானால் அந்த நான்கு சென்சார்கள்?" என்றேன்.

"இரண்டு வரிசையும் ஒரே குறையைச் சொல்கின்றன. எல்லா சென்சாரும் பேசி வைத்துக்கொண்டா கெடும்? கடிதத்தில் கெட்ட செய்தி வந்தால் தபால்காரரை மாற்றுவீர்களா?"

இவன் நம்மோடு படித்திருக்க வேண்டியவன். பிரம்பு வாத்தியார் கையில் அடி வாங்கியிருக்கவே மாட்டான்.

அப்புறம் புகை போட்டான். எண்ணெயைச் சூடாக்கிப் புகை கிளப்பும் ஒரு சின்னப் பெட்டி. அதன் குழாயை இன்ஜின் மூச்சிழுக்கும் வாயில் சொருகி, மற்ற வழியை அடைத்துவிட்டு, மெல்ல ஊதவிட்டான். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டின் அடியிலிருந்து ஊதுபத்திபோல ஓர் இழை வெண்புகை எழுந்தது, கொஞ்ச நேரத்தில் சாம்பிராணி போட்டதுபோல ஆகிவிட்டது. இன்ஜின் உள்ளாவியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் ரப்பர் ஹோஸ். கையை விட்டு எடுத்தான். எண்ணெயில் ஒரு கொதி அதிகமான முறுக்குபோல விரலிடுக்கில் பொடிந்தது. பதினேழு கோடை மதுரை வெயிலும், மூடிய பானெட்டுக்குள் இன்ஜின் சூடும் சேர்ந்தால் ரப்பர் வேறு என்ன ஆகும்?

சென்னையிலிருந்து ஹோஸ் வர நான்கு நாள். விலை 3,850, கூலி 1,500. ஏ.சி. அறைத் தாளிலிருந்து இதைக் கழித்து நீயே பார்த்துக்கொள், எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

உன் பெட்ரோல் மூடிக்குப் பதில் இங்கே. அமெரிக்க வண்டிகளில் பெட்ரோல் ஆவி கசிகிறதா என்றும் மூளைப்பெட்டி சோதிக்கிறது. மூடி தளர்ந்திருந்தால் அங்கே லைட் எரியும். இந்த வண்டியில் அந்தச் சோதனையே கிடையாதாம். ஆகவே உன் வைத்தியத்தைக் கடல் கடந்து அனுப்பிவிடு. ஒன்று மட்டும் உன் வண்டிக்காக நினைவில் வை. லைட் நிலையாக எரிந்தால் நிதானமாக ஒர்க்‌ஷாப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். உடனே ஓரங்கட்ட வேண்டும். சோமுவுக்கு அது மின்னியதா என்று தெரிந்துகொள்ளவே வழியில்லை, பொட்டு வைத்து மூடியவனுக்கு. கன்வெர்ட்டர் தப்பித்தது அவன் அதிர்ஷ்டம்.

ஹோஸ் மாற்றியபின், "பதிவை அழித்து லைட்டை அணைத்துவிடேன்" என்றேன். மாட்டேன் என்றுவிட்டான். அழித்தால் அந்தப் பெட்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளும் முடியாத நிலைக்குத் திரும்பிவிடும்; விவரம் தெரிந்தவன் ஸ்கேனரை மாட்டினால் 'இப்போதுதான் அழித்திருக்கிறார்கள்' என்று கண்டுகொள்வான். தரகருக்கு இது தெரியாது. பழுது உண்மையிலேயே போயிருந்தால் மூன்று ஓட்டம் தொடர்ந்து ஒழுங்காக ஓடியபின் லைட் தானாக அணையும். "அதுவாக அணையட்டும் ஐயா, அப்போதுதான் உங்களுக்கும் நம்பிக்கை வரும்."

பொட்டை ஒரு காகிதத்தில் மடித்து மதினியிடம் கொண்டுபோனேன். கொடுக்கலாமா என்று வாசலிலேயே இரண்டு முறை யோசித்தேன். பிரித்துப் பார்த்தார். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள், "இதற்குத்தானா! பீரோக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தேன், குளித்துவிட்டு வந்து பார்த்தால் காணோம். வேலைக்காரப் பெண்ணைக்கூடக் கேட்டேன், அவரும் கூடவே நின்று தேடினார்" என்று சிரித்தார். ஆறு மாதத்தில் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான். பிறகு அதை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு உள்ளே போனார். பழையபடி கண்ணாடிக்குப் போனதா, நெற்றிக்குப் போனதா என்று பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இனிமேல்தான் நான் இந்தக் கடிதம் எழுதுவதன் காரணம்.

முதல் நாள் அழகர்கோவில் வரை போய் வந்தேன். இரண்டாம் நாள் திருமங்கலம். மூன்றாம் நாள் விடியலில் ஒத்தக்கடை வழியாக மேலூர். யானைமலைமேல் அப்போதுதான் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வண்டி சத்தமே இல்லாமல் போனது. சோமு எதற்காக அத்தனை கடன்பட்டான் என்று அந்தப் பத்து மைலில் எனக்குப் புரிந்துவிட்டது. நான்காம் நாள் காலை சாவியைத் திருப்பினேன். மஞ்சள் வந்தது, இன்ஜின் பிடித்ததும் போனது. திரும்ப வரவே இல்லை.

மதினியிடம் இன்னும் அணையவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. "அப்படியா, பொறுமையாகப் பாருங்கள்" என்றார் அவர். நான்கு நாளில் அணைந்த லைட்டைப் பன்னிரண்டு நாளாக எரியவைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாய் வரை போய்விட்டேன். பெட்ரோல் என் காசுதான், அதையாவது சொல்லிக்கொள்கிறேன். வீட்டில், ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன் என்று சொல்கிறேன். அறுபத்தொரு வயதில்!

திருமங்கலத்துக்காரரை ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். பொடிந்த ஹோஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பில்லையும் சேர்த்து, டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பழுது என்ன, எவ்வளவு தூரம் ஓடியது, எல்லாம் சொல்லித்தான் கொடுப்பேன். பத்தாயிரம் குறைப்பார், குறைக்கட்டும். தரகருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

நீ சனிக்கிழமையே வந்துவிடு. சாயங்காலம் ஒருமுறை அழகர்மலை அடிவாரம் வரை போய் வருவோம், நீதான் ஓட்ட வேண்டும், நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். திரும்பி வந்து மதினியிடம் லைட் அணைந்துவிட்டது என்று நீயே சொல். எப்படி அணைந்தது என்று கேட்டால், பெட்ரோல் மூடியை இறுக்கினேன் என்று சொல்லிக்கொள். நான் மறுக்க மாட்டேன்.

உன்
மணி