பஞ்சை அழுத்திப் பிடித்த தம்பிக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

டான்சில் ஆபரேஷன் முடிந்து மகள் வீடு திரும்பி மூன்று நாளாகிறது. தொண்டைப் புண் ஆறிவருகிறது, ரத்தக் கசிவு இல்லை. வலிப்புக்குச் சாப்பிட்ட மருந்தால் ரத்தம் சரியாக உறையாமல் இருந்ததால், மருந்தை மாற்றிய பிறகுதான் ஆபரேஷன் நடந்தது.

மருந்து மாற்றிய வாரங்களில் ராத்திரி முழுக்க எங்களோடு விழித்திருந்தவர்கள், ஆபரேஷன் அன்று ரத்தம் கொடுக்க வந்து நின்றவர்கள், சின்னவனைப் பார்த்துக்கொண்டவர்கள், எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஆனால் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. டான்சில் ஆபரேஷனுக்கு முன்னால் மகளுக்கு ரத்தம் எடுத்த தம்பி அவர். ஊசியை உருவியதும் பஞ்சை வைத்து அழுத்தினார். சீக்கிரமே நின்றிருக்க வேண்டிய ரத்தம் நிற்கவில்லை. "நீங்களே பிடிச்சுக்கோங்க" என்று அனுப்பியிருக்கலாம். வெளியே வரிசை நீண்டிருந்தது, ஒருவர் முணுமுணுக்கவும் ஆரம்பித்தார். இவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பாப்பா, எண்ணு பார்ப்போம்" என்றார். அவள் அறுபத்தொன்பதிலிருந்து நேரே எண்பதுக்குத் தாவுவாள். ஒவ்வொரு முறையும் பிடித்து எழுபதுக்குத் திருப்பினார். மூன்று பஞ்சு மாற்றினார்.

14 நிமிடம். அப்புறம் என்னைப் பார்த்து, "அக்கா, பாப்பா தொடர்ந்து ஏதாவது மருந்து சாப்பிடுதா?" என்றார். வலிப்புக்கு இரண்டு வருஷமாக வால்ப்ரோயேட் சிரப் என்றேன். அவள் முழங்காலுக்குக் கீழே இருந்த நீலத் திட்டுகளையும் பார்த்தார். விளையாடும்போது இடித்துக்கொள்கிறாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பரிசோதனைச் சீட்டின் ஓரத்தில் அந்த 14 நிமிடத்தையும் மருந்தின் பெயரையும் பேனாவால் எழுதி டாக்டருக்கு அனுப்பினார்.

அந்த ஒரு வரி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை 1,70,000 என்று வந்தது. 1,50,000-க்கு மேல் இருந்தால் சரிதானே! ஆனால் சீட்டைப் பார்த்த டாக்டர், ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தையும் வான் வில்லிபிராண்டு காரணியையும் பார்க்கச் சொன்னார். பின்னது குறைந்திருந்தது. தட்டணுக்களைக் காயத்தில் ஒட்டவைக்கும் புரதம் அது. வால்ப்ரோயேட் சில குழந்தைகளுக்குத் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். சிலருக்கு எண்ணிக்கை சரியாக இருந்தும் ரத்தம் உறைவதைக் கெடுக்கும் என்றார். ஆபரேஷன் தள்ளிப்போனது. வால்ப்ரோயேட் அளவைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்து சேர்த்தார்கள். சில வாரங்களில் அந்தக் காரணி பழைய நிலைக்கு ஏறியது.

"உடனே மருந்தை நிறுத்து" என்று அக்கறையோடு சொன்னவர்களே, உங்களுக்கும் நன்றி. கேட்கவில்லையே என்று கோபிக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தின்மேல் எனக்குக் கோபமும் இல்லை. இரண்டு வருஷம் அவளை வலிப்பில்லாமல் ஓடியாட விட்டது அதுதான்.

இனி பல் பிடுங்கப் போனாலும் சரி, மருந்தின் பெயரையும் அளவையும் நானே முதலில் சொல்லிவிடுவேன். தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும் வலி மருந்தான ஐபுப்ரோஃபென் பாட்டிலை டாக்டரைக் கேட்காமல் தொடமாட்டேன்.

அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அந்த அண்ணனிடம்தான் போகவேண்டுமாம், மகள் சொல்லிவிட்டாள். எழுபதிலிருந்து எழுபத்தொன்பது வரை ஒப்பித்துக்கொண்டு திரிகிறாள். எழுபத்தாறு மட்டும் இன்னும் தப்புகிறது.